உன் அம்மாவின் உள்ளங்கைகளைப் பற்றி

அன்புள்ள கதிரேசா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி முடித்தபோது நான் "ம்" என்றேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது சம்மதம் இல்லை. என் பதில் தொண்டைக்கு வருவதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டால் என்னிடமிருந்து வருகிற சத்தம் அது. வாழ்நாள் முழுக்க மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவனுக்கு இப்படி ஒரு குறை இருக்கலாமா என்று நீ கேட்கலாம். வகுப்பில் என்ன பேச வேண்டும் என்பதை முதல்நாளே தாளில் எழுதிக்கொண்டு போவேன். ஒரு பையன் எழுந்து எதிர்பாராத கேள்வி கேட்டால் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுவேன்; மறுநாள் சொல்லியும் விடுவேன். வீட்டில், அதிலும் உன்னிடம், அந்த ஏற்பாடு நடப்பதில்லை. ஆகவே நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு இன்று எழுதுகிறேன். கூரியரில் போட்டால் இரண்டொரு நாளில் புனேக்கு வந்துவிடும் என்றார்கள். உட்கார்ந்து படி. அவசரமாகப் படித்தால் நான் எழுதியதும் "ம்" போலத்தான் தெரியும்.

நீ சொன்னது இது: "அம்மாவுக்கு அந்த மருந்து போதும்ப்பா. கையெல்லாம் வெந்து கிடக்கு. நானோ கீனோன்னு எதையோ சொல்லி அவிய சோதனை பண்ணிப் பாக்குதாங்க. நீங்க தலைய ஆட்டிக்கிட்டு நிக்கிதீங்க." கடைசி வரி உண்மை. மற்றவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டும். உனக்குத் தெரியாத ஒன்று, அப்போது போன் ஒலிபெருக்கியில் இருந்தது. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். நீ வைத்த பிறகு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளைக்கு மனசில்ல. அவன் வாயால சரின்னு சொன்னாத்தான் அடுத்த ஊசிக்கு வருவேன். இல்லைன்னா நான் வரல, நீங்க மட்டும் போயி போட்டுக்கிட்டு வாங்க." அடுத்த ஊசி வருகிற வியாழக்கிழமை. ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப் போட்டாகிவிட்டது. அவள் வெள்ளாட்டுப் பிடிவாதம் உனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தின் வேலை ஒன்றுதான். நடந்ததையெல்லாம் வரிசையாக உன் முன்னால் வைப்பது. அதன் பிறகு நீ சொல்.

இந்த வருடம் அம்மாவின் புற்றுநோய்க் கட்டி திரும்பி வந்தபோது திருநெல்வேலி டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். வழக்கமாகக் கொடுக்கிற சிவப்பு மருந்து ஒன்று இருக்கிறது, வெகுகாலமாகப் பயன்படுகிற நல்ல மருந்து, ஆனால் அது இதயத் தசையைக் கெடுக்கும் என்றார். உன் அம்மாவுக்குச் சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு ஒன்று பழுதானது உனக்குத் தெரியும். அந்த இதயத்தை வைத்துக்கொண்டு அந்த மருந்தைத் தாங்க முடியாது. "அதே மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள்ள அடைச்சுக் குடுக்கிற வகை ஒண்ணு இருக்கு. நானோ அளவுக் குமிழி. இதயத்துக்கு ஆபத்து ரொம்பக் குறையும். யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். நான் அன்றும் "ம்" என்றேன். கையெழுத்துப் போட வேண்டிய தாளை நான் மடித்துப் பையில் வைத்ததை உன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "நீங்க வாத்தியாருதான? அந்தக் குமிழின்னா என்னன்னு எனக்குச் சொல்லுங்க. புரிஞ்சா போட்டுக்கிடுதேன்" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து பழைய பாடப்புத்தகங்களை எடுத்தேன். நானோ என்கிற சொல் நான் படித்த காலத்தில் எங்கள் புத்தகத்தில் இல்லை. ஆனால் கூழ்மம் என்று ஒரு பாடம் இருந்தது. ஆண்டுதோறும் அதை நடத்தும்போது பசுவந்தனையில் நம் புஞ்சையிலிருந்து ஒரு பிடி கரிசல் மண்ணைக் கொண்டுபோவேன். ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அதைக் கலக்கி மேசையில் வைப்பேன். செம்மண் கலக்கிய குவளை வகுப்பு முடிவதற்குள் தெளிந்துவிடும். கரிசல் மறுநாளும் கலங்கியே நிற்கும். அதன் துகள் அவ்வளவு பொடி, கீழே விழக்கூட அதற்கு எடை போதாது. பொடியாகப் பொடியாகப் பொருளின் குணம் மாறும் என்பதைக் காட்ட அதைவிட நல்ல சாட்சி எனக்கு அகப்படவில்லை. ஒரு மழையை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த மழைவரை பயிரைக் காப்பாற்றுகிற மண், அந்தப் பொடித்தன்மையால்தான் அதைச் செய்கிறது. அப்புறம் அந்தக் கலங்கல் குவளையில் ஒரு சிட்டிகை உப்பைப் போடுவேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கீழே இறங்கும். பையன்கள் கைதட்டுவார்கள். இந்த உப்பை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

மறுநாள் உன் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான். அந்தக் குமிழி ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் போல வரிசையாக நிற்கக்கூடிய அளவு. ரத்தக் குழாயின் சுவர் கண்மாய்க் கரை மாதிரி. நல்ல இடத்தில் கரை இறுகி இருக்கும். குமிழி அதைத் தாண்ட முடியாமல் ரத்தத்தோடு போய்க்கொண்டே இருக்கும். இதயத்தில் கரை இறுக்கம். கட்டி வளரும்போது தனக்கு வேண்டிய ரத்தக் குழாய்களை அவசர அவசரமாகக் கட்டிக்கொள்கிறது. அவசரமாகப் போட்ட கரையில் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை வழியாகக் குமிழி கசிந்து உள்ளே போகிறது, அங்கே மெல்ல மெல்ல மருந்தை விடுகிறது. வெறும் மருந்தாக ஏற்றினால் எல்லாக் கரையையும் தாண்டி எல்லா இடத்துக்கும் போய்விடும். இதில் அளவு ஒன்றுதான் சூட்சுமம். இன்னும் சிறிதாக இருந்தால் எங்கும் கசியும், இன்னும் பெரிதாக இருந்தால் கட்டிக்குள்ளும் போகாது. உடம்பின் காவல் செல்கள் அந்நியன் என்று பிடித்துவிடாதபடி குமிழிக்கு மேலே தண்ணீரைப் பற்றிக்கொள்கிற மெல்லிய இழைகளால் ஒரு போர்வையும் போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து, செய்து, தோற்று, மறுபடியும் செய்திருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க எனக்கு வியப்பு தாங்கவில்லை. நான் குவளையில் கரிசலைக் கலக்கிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்த அதே பாடத்தை அவர்கள் எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள் பார்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எப்போதும்வென்றான் ஊரிலிருந்து உன் மாமா வந்திருந்தார். விதைப்புக் காலம், புஞ்சையெல்லாம் பயிர், ஆட்டை எங்கே ஓட்டுவது என்று புலம்ப வந்தவர், நான் தாளில் போட்டிருந்த படத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "மாப்ள, செம்மறிக்குப் பூச்சி மாத்திரையை வாழப்பழத்துக்குள்ள வச்சுக் குடுப்பமே. அதத்தான் இம்புட்டுப் படிச்சு இவிய கண்டுபிடிச்சிருக்காங்களாக்கும்?" என்றார். உன் அம்மா, "ஏண்ணே, என்னைய செம்மறிங்கியா?" என்றாள். "உன்னைய எப்படித்தா செம்மறின்னு சொல்லுவேன்? செம்மறி சொன்னா கேக்கும். நீ வெள்ளாடு" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் நெஞ்சு படபடத்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. வாழைப்பழ உவமை சரியில்லை, அது நாக்கை ஏமாற்றுவது, இது இதயத்தைக் காப்பாற்றுவது என்று நான் திருத்தப் பார்த்தேன். "என்னமோ, கசப்பு போய்ச் சேர வேண்டிய எடத்துல போய்ச் சேந்தாச் சரி" என்று எழுந்து போய்விட்டார். உன் அம்மா என்னைப் பார்த்து, "புரிஞ்சிட்டு. போட்டுக்கிடுதேன்" என்றாள். ஆகவே, கதிரேசா, அவளை யாரும் சோதனைக்குப் பிடித்துக்கொண்டு போகவில்லை. விளக்கம் கேட்டு, புரிந்துகொண்டு, அவள்தான் ஒப்புக்கொண்டாள். தலையாட்டியது நான் மட்டும்.

முதல் ஊசி அன்று நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைக் கேட்டு வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து ஒரு வரி விடாமல் படித்திருந்தேன். அதில் ஒரு வரி: உப்புக் கரைசலில் கலக்கக் கூடாது, குளுக்கோஸ் கரைசலில் மட்டுமே கலக்க வேண்டும். எனக்கு உடனே என் கண்ணாடிக் குவளை நினைவுக்கு வந்தது. உள்ளே போனால், வாந்தி வராமல் இருக்க முதலில் ஒரு மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டிலில் உப்புக் கரைசல் என்று எழுதியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சற்று நேரத்தில் சிஸ்டர் சிவப்பு மருந்தோடு வந்து கம்பியில் எதையோ மாட்டினார். லேபிள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அதே பாட்டிலிலேயே கலந்துவிட்டார்களோ என்று எனக்குள் பதறியது. எழுந்தேன். படித்தவர்களுக்குத் தெரியாதா என்று உட்கார்ந்தேன். தெரியாமல் போனால் என்று எழுந்தேன். அவர் கோபித்துக்கொண்டு உன் அம்மாவிடம் முகம் காட்டினால் என்று உட்கார்ந்தேன். "என்ன, நாற்காலில முள்ளா இருக்கு?" என்றாள் உன் அம்மா. கடைசியில் சிஸ்டர் குழாயின் திருகைத் திறக்கக் கையை வைத்தபோது, "அம்மா, அது உப்பா?" என்று கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது முறை சத்தமாக வந்துவிட்டது; பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

சிஸ்டர் பாட்டிலைத் திருப்பி லேபிளைக் காட்டினார். குளுக்கோஸ். பழைய பாட்டில் காலியாகிக் கீழே வாளியில் கிடந்தது. "உப்புன்னா நானே தொட மாட்டேன் சார். பாருங்க, இங்கன எழுதியிருக்கு" என்றவர், நான் மன்னிப்புக் கேட்பதற்குள், "இதே மாதிரி ஒவ்வொரு தடவையும் கேளுங்க. நாங்க ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் மாட்டுதோம், கேக்க ஆள் இருந்தா எங்களுக்கும் தெம்பு" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த கயத்தாறுக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, அப்படியே எனக்கு ஏறுததும் என்னன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தவறாகச் சந்தேகப்பட்டேன், ஆனால் கேட்டேன். இரண்டாவது ஊசிக்கும் எழுந்து கேட்டேன். மூன்றாவது முறை நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிஸ்டர் பாட்டிலைத் திருப்பி என் பக்கம் காட்டிவிட்டுத்தான் மாட்டினார்.

இனி உள்ளங்கைக்கு வருகிறேன். இதைப் பற்றி டாக்டர் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். குமிழி ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றுவதுதான் அதன் பலம். அந்தப் பலமே ஒரு தொந்தரவும் தரும். உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற அழுந்துகிற, உரசுகிற இடங்களில் சின்னக் குழாய்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தோலைச் சிவக்க வைக்கும், எரியும், மீறிப் போனால் கொப்புளித்து உரியும். வெந்நீர் படக்கூடாது, அழுத்தித் தேய்க்கிற வேலை கூடாது, இறுக்கமான செருப்பு கூடாது. சிவப்போ காந்தலோ தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும், அளவைக் குறைத்து, இடைவெளி விட்டுச் சரிசெய்துவிடலாம். இதை நான் கடமையாக எடுத்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் அடுக்களை ஜன்னல் வெளிச்சத்தில் உன் அம்மாவின் இரண்டு கைகளையும் விரித்துப் பார்ப்பேன். "ரேகை பாக்குத சோசியர் வந்துட்டாரு. எனக்கு இன்னும் எத்தனை மாப்பிள்ளை சாமி?" என்பாள். கல்யாணமான இத்தனை காலத்தில் நான் அவள் கைகளை அப்படி நின்று பார்த்ததில்லை. அம்மிக் குழவி பிடித்த காய்ப்பு, சின்ன வயதில் கருவேல முள் ஏறி ஆறிய தழும்பு எல்லாம் இப்போதுதான் எனக்குத் தெரியும்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு உன் நிச்சயதார்த்தம் வந்தது. முதல்நாள் நான் பழமும் பூவும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அவள் இரண்டு கைகளிலும் மருதாணி அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கொல்லையில் பறித்து, அம்மியில் தானே அரைத்திருக்கிறாள். "காலையில இருந்தே கை காந்துச்சு. உடம்புச் சூடுதான. மருதாணி வச்சாக் குளுந்துரும். நாளைக்குச் சம்பந்தி வீட்டுல மாப்பிள்ளைக்கு அம்மா வெறுங்கையோட போயி நிக்கவா?" என்றாள். நம் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். சூட்டுக்கு மருதாணி, விசேஷத்துக்கும் மருதாணி, இரண்டும் ஒரே நாளில் வந்தால் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் காந்தியது சூட்டினால் இல்லை. அம்மியில் அரைத்த உரசலும் அதோடு சேர்ந்துகொண்டது. மறுநாள் காலை கையைக் கழுவிக் காட்டினாள். நல்ல ரத்தச் சிவப்பாகப் பிடித்திருந்தது. நான் ஜன்னலடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தச் சிவப்பு இலையுடையது, எந்தச் சிவப்பு மருந்துடையது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்வோமா என்று நினைத்தேன். நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம் என்று நினைத்தேன். வண்டி வந்துவிட்டது, கயத்தாறில் பெண் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். உப்பைப் பற்றிக் கேட்கத் தெரிந்த எனக்கு அன்று கேட்கத் தெரியவில்லை.

தட்டு மாற்றும்போது நீ எதிரே நின்றாய். தேங்காயும் பழமும் குவித்த பித்தளைத் தட்டு, அதன் விளிம்பு அவள் உள்ளங்கையில் அழுந்தியது. அவள் கண் கலங்கியதைப் பார்த்து உன் வருங்கால மாமியாரும் கலங்கினார், பெண்களெல்லாம் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டார்கள். மகன் கல்யாணத்தை எண்ணி அழுகிறாள் என்றே நானும் நினைத்தேன். தட்டைச் சம்பந்தி முழுதாக வாங்கிக்கொள்ளும்வரை அவள் விடவில்லை. உன்னை அங்கிருந்தே புனேக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தபோது கொப்புளங்கள். படம் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சிஸ்டர் உடனே கூப்பிட்டார். "சார், இது மருதாணியா, தோலா?" என்றார். "ரெண்டும்மா" என்றேன். அந்தப் படத்தைத்தான் உன் மாமா என் போனிலிருந்து எடுத்து உனக்கு அனுப்பிவிட்டார். நீ கோபப்பட்டது நியாயம். ஆனால் கோபத்தை மருந்தின் மேல் மட்டும் வைக்காதே. முன்கூட்டியே சொன்ன ஒரு தொந்தரவு, பார்க்க வேண்டிய நேரத்தில் எங்கள் கண்ணுக்கு மறைந்துபோனது. ஊசியைத் தள்ளிப்போட்டார்கள், களிம்பு கொடுத்தார்கள், அடுத்த ஊசியின் அளவைக் குறைத்திருக்கிறார்கள்.

உனக்கு யாரும் அனுப்பாத படங்கள் இரண்டு உண்டு. கொப்புளம் ஆறிக்கொண்டிருந்தபோது ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி சிறுத்திருக்கிறது. நன்றாகவே சிறுத்திருக்கிறது என்று டாக்டர் தன் விரல்களை வைத்துக் காட்டினார். பிறகு இதயத்தை எக்கோவில் பார்த்தார்கள், என்னையும் உள்ளே நிற்கவிட்டார்கள். திரையில் உன் அம்மாவின் இதயம் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பழுதான வால்வு பழுதாகவே, அதே பழைய சாயலில் அசைந்தது. மருந்து தொடங்குவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்றார் டாக்டர். மூன்று முறை அந்தச் சிவப்பு விஷம் அந்த அறைகளின் வழியாகத்தான் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறது, கதிரேசா. ஒரு கொழுப்புச் சுவர், கண்ணால் பார்க்கவே முடியாத ஒரு சுவர், இடையில் நின்று அந்த இதயத்தைத் தொடவிடாமல் செய்திருக்கிறது. நான் கோயிலில் கூட அப்படி நின்றதில்லை. அதைச் செய்தவர்கள் யார், எந்த ஊர், என்ன சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

சோதனை என்றாய். இந்த மருந்து நீ பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே உலகத்தில் நடமாட்டத்துக்கு வந்துவிட்டது. நானோ என்கிற சொல்தான் உனக்குப் புதிது. கொரோனா சமயத்தில் நீ இங்கே வீட்டில் அடைந்து கிடந்தாயே, மூக்கில் குச்சியை விட்டு ஒரு பட்டையில் சொட்டுவிட்டுக் காத்திருந்தோமே, நினைவிருக்கிறதா? சிவப்புக் கோடு ஒன்றா இரண்டா என்று நாம் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். "என்ன சாயம்ப்பா இது?" என்று கேட்டாய். மறுநாள் சொல்கிறேன் என்றேன், மறுநாள் உனக்கு ஆன்லைனில் வேலை, நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த மாதிரிப் பட்டைகளில் பெரும்பாலும் அது சாயமில்லை, தங்கம். தங்கத்தை அந்த அளவுக்குப் பொடியாக்கினால் மஞ்சளாக இருக்காது, சிவந்துவிடும். நோய்க்கிருமியின் அடையாளத்தைக் கண்டால் அந்தத் தங்கத் துகள்கள் ஒரே கோட்டில் வந்து சேர்ந்து நிற்கும். கர்ப்பம் பார்க்கிற பட்டையிலும் பெரும்பாலும் அதுதான். ரத்தம் குறைந்த பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பழுப்பு நிறத்தில் இரும்பு ஏற்றுகிறார்களே, அதுவும் மாவுச்சத்துப் போர்வை போட்ட நானோ துகள்தான். நம் வீட்டு வாசல்வரை வந்து பல காலம் ஆகிவிட்டது. பெயர் சொல்லிக்கொண்டு வரவில்லை, அவ்வளவுதான்.

எனக்குத் தெரியாததையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் உன்னை ஏமாற்றியதாகும். இந்த மருந்து நோயை அடியோடு எடுத்துவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை, நான் கேட்டபோதும் சொல்லவில்லை. அடக்கி வைக்கும், காலம் கொடுக்கும் என்றார். எவ்வளவு காலம் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் படம் போட்டுக் காட்டிய கரையும் ஓட்டையும் தாளில் இருக்கிற அளவுக்கு உடம்பில் சுத்தமாக நடப்பதில்லை. ஏற்றுகிற குமிழிகளில் ஒரு சிறு பங்குதான் கட்டிக்குப் போகிறது, பெரும்பங்கு ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. ஒருநாள் இந்த மருந்துக்குக் கட்டி பழகிப்போகலாம். அப்போது வேறு யோசிப்போம். நான் முன்பிருந்தே எதையும் ஐயப்படுகிறவன், இதையும் ஐயப்பட்டுத்தான் பார்த்தேன். எல்லாக் கழித்தலுக்குப் பிறகும் தராசுத் தட்டில் மிஞ்சுவது சிறுத்த கட்டியும் கெடாத இதயமும். எதிர்த் தட்டில் உரிந்த தோல். எனக்கு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பது தெரிகிறது. உனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். தகப்பன் என்ற முறையில் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்கிறார்கள். வருகிற பெண்ணிடம் "ம்" என்று சொல்லிப் பழகாதே. பேச்சு வரவில்லை என்றால் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல், நாளைக்குச் சொல்லியும் விடு. கையைப் பார்ப்பதற்கு நோய் வரும்வரை காத்திராதே. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இன்னொன்று, காரியமாகச் சொல்ல வேண்டியது. கல்யாணத்துக்கு முதல்நாள் சம்பந்தி வீட்டுப் பெண்கள் மருதாணிக் கூம்போடு வருவார்கள். அம்மாவின் கையில் வைக்க வேண்டாம் என்று நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு, அவள் சொன்னால் வருத்தமாக எடுத்துக்கொள்வார்கள். தட்டு, ஆரத்தி எதுவானாலும் அடியில் உன் கையையும் கொடு. அவள் பிடித்திருப்பதாகவே பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும், பாரத்தை நீ வாங்கிக்கொள்.

இன்று சாயங்காலமும் ஜன்னலடியில் பார்த்தேன். பழைய தோல் மருதாணியோடு உரிந்து போய்விட்டது. உள்ளே புதுத் தோல் வெளிறி, மெல்லிசாக, பிறந்த பிள்ளையின் பாதம் மாதிரி இருக்கிறது. அம்மிக் காய்ப்பெல்லாம் போய்விட்டது. நகங்களில் மட்டும் சிவப்பு நிற்கிறது, அடியில் பிறையளவு வெள்ளை வளர்ந்திருக்கிறது. அவள் விரல்களை மடக்கி நகங்களைப் பார்த்துவிட்டு, "தை வரைக்கும் இது நிக்கும். அது போதும். மாப்பிள்ளைக்கு அம்மா வெறுங்கைன்னு எவளும் சொல்ல முடியாது" என்றாள். பிறகு, கேட்காதது போல, "கதிரேசன் ஏதும் பேசினானா?" என்றாள். இல்லை என்றேன்.

வியாழக்கிழமை காலை முதல் பேருந்துக்குக் கிளம்ப வேண்டும். புதன்கிழமைக்குள் அவளைக் கூப்பிட்டுச் சரி என்று சொல். இதுவரை உன்னிடம் எதையும் நான் இப்படி அழுத்திக் கேட்டதில்லை. சரி என்று சொல்ல மனம் வரவில்லை என்றால் நீயே கிளம்பி வா. எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கும். சிஸ்டர் பாட்டிலை மாட்டும்போது இருவரும் சேர்ந்து எழுந்து கேட்போம், அவர் கோபிக்க மாட்டார். டாக்டரிடமும் உன் கேள்விகளை எல்லாம் கேள், அதன் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல். எதுவானாலும் சொல். "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அப்பா